சின்ன வயசுத் தோழியே முதல் காதலானால் ஏன் மறக்க முடிவதில்லை?

பல வருஷ நட்பு காதலாகி, பிரிந்தும் போன பிறகு அந்த ஆள் மட்டும் ஏன் மனசை விட்டுப் போவதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பாம்பன்காரன், பட்டதைச் சொல்கிறேன்.

ஒரு காரணம் வயசு. ஏறத்தாழ 10 முதல் 30 வயதுக்குள் நடந்தவைதான் பிற்காலத்தில் அதிகம் நினைவுக்கு வரும் என்பது உளவியலில் பலமுறை கண்ட விஷயம். எல்லாமே முதல் தடவையாக நடக்கும் காலம் அல்லவா?

அதைவிடப் பெரியது, இழப்பு இரட்டிப்பு. காதலி போனாள் என்று புலம்ப எனக்கு இருந்த ஒரே ஆளும் அவள்தான்!

ராமநாதபுரம் கல்லூரிக்கு ரயிலில் போவோம். பாலத்தில் வண்டி ஊர்ந்துதான் போகும். அவள் பனங்கிழங்கை ஒடித்து, நடுத் தும்பை உருவிப் போட்டுவிட்டு, பெரிய பாதியை என்னிடம் நீட்டுவாள். ஏழாம் வகுப்பிலிருந்தே அப்படித்தான். அது எந்த நாளில் காதலாச்சு என்று இருவருக்குமே தெரியாது.

1914-இல் திறந்த அந்தப் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றது. 2025-இல் புதுப் பாலமும் வந்துவிட்டது. பனங்கிழங்கு மட்டும் பொங்கல் சமயத்தில் தவறாமல் சந்தைக்கு வருகிறது. அன்றைக்குக் கொஞ்சம் கஷ்டம்தான். (வீட்டுக்காரிக்கும் தெரியும், கேலி செய்வாள்.)

மறக்கணும் என்று மல்லுக்கட்டாதீர்கள். நினைக்கக் கூடாது என்றால்தான் அது முன்னால் வந்து நிற்கும். இப்போது கூட இருப்பவரோடு மட்டும் ஒப்பிடாதீர்கள். நாங்கள் பேசாமலே வேறு வேறு பெட்டியில் போன வாரங்களும் உண்டு. அவை எனக்குச் சட்டென்று நினைவுக்கு வருவதே இல்லை.