வாசகர் கேள்வி: இரண்டு சீட்டு, ஒரு மேயர்

கேள்வி: 2021 உள்ளாட்சித் தேர்தலில் என் கையில் இரண்டு வாக்குச்சீட்டுகள் தந்தார்கள்; இரண்டிலும் மேயர் பெயர் இல்லை. அவரைத் தேர்ந்தெடுப்பது யார்?
– வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: நீங்கள் தேடிய பெயர் எந்தச் சீட்டிலும் இருக்காது, அம்மா. டர்பனை உள்ளடக்கிய இதெக்வினி மாநகராட்சி மன்றத்தின் 222 இடங்களில் 111 பேர், முதல் சீட்டில் நீங்கள் பெயர் பார்த்துக் குறியிட்ட வார்டு வேட்பாளர்களிலிருந்து வருகிறார்கள். கட்சிகள் மட்டுமே அச்சாகியிருந்த மற்றச் சீட்டையும் சேர்த்து, ஒவ்வொரு கட்சியும் பெற்ற மொத்த வாக்குகளுக்கு ஏற்ப எஞ்சிய இடங்கள் கட்சிப் பட்டியல்களிலிருந்து நிரப்பப்படுகின்றன. இந்த உறுப்பினர்கள் கூடித்தான் மேயரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆகவே, எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை கிடைக்காத மன்றத்தில் மேயர் நாற்காலி கூட்டணிப் பேச்சில்தான் முடிவாகும். வாக்காளருக்கு இது கசப்பாக இருப்பது நியாயமே.

வார்டு உறுப்பினர் இடம் காலியானால் இடைத்தேர்தல் நடக்கும். பட்டியல் உறுப்பினர் விலகினாலோ, அதே பட்டியலில் அடுத்தவர் உள்ளே வந்துவிடுவார். அன்றாட நிர்வாகம் மன்றம் நியமிக்கும் நகர மேலாளரிடம் இருக்கிறது. நிதியாண்டு ஜூலை 1 அன்று தொடங்குவதால், வரவு செலவுத் திட்டத்தின் வரைவு மார்ச் முடிவதற்குள் மன்றத்தில் வைக்கப்பட்டு, பொதுமக்கள் கருத்துக்கு விடப்படும். உங்கள் தெருவுக்கு வேண்டியதைக் கேட்க அதுவே தக்க வேளை.