கட்டுபவர் கொடுக்கும் பணம் ஊருக்கு வருகிறதா?

கேள்வி: எங்கள் தோட்டத்துக்கு வரும் பாதையோரத்தில் பெரிய ஹோட்டலொன்று எழும்புகிறது. லொறிகள் ஓடிப் பாதை குண்டும் குழியுமாகிவிட்டது. இங்கிலாந்தில் கட்டுபவர்களிடம் உள்ளூராட்சி சபை பணம் வாங்கி ஊருக்குச் செலவிடும் என்று என் மருமகன் கூறுகிறார். இங்கும் அப்படிக் கேட்க முடியுமா?
— வாசகர், நானுஓயா

பதில்: மருமகன் கூறுவது உண்மையே. அங்கே பணம் இரு வழிகளில் வருகிறது. 1990ஆம் ஆண்டின் திட்டமிடல் சட்டத்தின் 106ஆம் பிரிவின்படி, அனுமதி வழங்கும்போது சபையும் கட்டுபவரும் உடன்படிக்கை செய்துகொள்வர். கேட்கப்படுவது அந்தக் கட்டடத்தால் நேரடியாக எழும் தேவைக்கு உரியதாகவும் அதன் அளவுக்கு நியாயமானதாகவும் இருக்க வேண்டும். வகுப்பறை, விளையாட்டிடம், பாதைச் சந்தி போன்றவை இதில் அடங்கும். மற்றது, 2010ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின் கீழ், விரும்பும் சபைகள் சதுர மீற்றர் கணக்கில் அறவிடும் சமூக உட்கட்டமைப்புத் தீர்வை. இதில் பேரத்துக்கு இடமில்லை. தீர்வையில் 15 சதவீதமும், ஊர் எப்படி வளர வேண்டும் என்று கூறி மக்கள் வாக்களித்து ஏற்ற அயற்புறத் திட்டமுள்ள ஊரில் 25 சதவீதமும் அவ்வூரின் சிறிய சபைக்குப் போகும். எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்பதை ஆண்டுதோறும் டிசம்பர் 31க்குள் வெளியிட வேண்டும் என்ற விதியையே நான் எல்லாவற்றிலும் மேலாக மதிக்கிறேன்.

நம் நாட்டில் இதே வடிவில் ஒரு தீர்வை இல்லை. நகர அபிவிருத்தி அதிகார சபையின் ஒழுங்குவிதிகளில் அதன் சாயல் மட்டும் உண்டு: நகர அபிவிருத்திக்கெனப் பிரகடனப்படுத்தப்பட்ட பகுதிகளில் 1 ஹெக்டேயருக்கு மேற்பட்ட காணியைத் துண்டாடுபவர், பாதைகள் நீங்கலாகக் குறைந்தது 10 சதவீதத்தைப் பொதுப் பயன்பாட்டுக்கு ஒதுக்க வேண்டும், போதிய வாகனத் தரிப்பிடம் அமைக்க முடியாதவர் அதற்கெனச் சேவைக் கட்டணம் செலுத்த வேண்டும். லொறி உடைத்த பாதைக்கு இவ்விரண்டும் நேரடியாக உதவமாட்டா.

ஆகவே முதலில், அந்தப் பாதை பிரதேச சபைக்குரியதா, மாகாண சபைக்குரியதா, தோட்டக் கம்பனிக்குரியதா என்று அறிந்துகொள்ளுங்கள். தோட்டப் பகுதிக்குச் சபைப் பணத்தைச் செலவிடச் சட்டம் இடந்தராது என்று யாரேனும் கூறினால், அது காலாவதியான பதில். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு நம் மக்களை நெடுங்காலம் வாசலிலேயே நிறுத்தி வைத்தது. தோட்டக் குடியிருப்புகளுக்கும் சேவை செய்ய 2018இல் வந்த திருத்தம் வழிவிட்டது. ஆனாலும் வரியும் வாக்கும் கேட்கும்போது தோட்டம் சபைக்குள் இருக்கிறது, கொங்கிரீட் போடும்போது வெளியே போய்விடுகிறது.

அடுத்து, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், சபையின் தகவல் அலுவலருக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள். ஹோட்டலின் அனுமதிப் பத்திரத்தில் பாதை, வடிகான் குறித்து விதிக்கப்பட்ட நிபந்தனைகள் எவை, அறவிடப்பட்ட கட்டணங்கள் எவை, அவை எந்தக் கணக்கில் வைக்கப்பட்டு எந்த வேலைக்குச் செலவாயின என்று தனித்தனியாகக் கேளுங்கள். தகவலைத் தருவதா மறுப்பதா என்பதை 14 வேலை நாட்களுக்குள் முடிவுசெய்து அறிவிக்க வேண்டும். பாதையைச் சீர்செய்யும் நிபந்தனை ஏற்கெனவே இருந்தால், அதை நிறைவேற்றச் சொல்லித் தவிசாளருக்கு எழுதுங்கள். இல்லையெனில், அடுத்த கட்டடத்துக்கேனும் அதைச் சேர்க்குமாறு உங்கள் வட்டார உறுப்பினரைக் கொண்டு சபையில் பிரேரணை கொண்டுவரச் செய்யுங்கள்.