நீலப் பெட்டியை நம்பலாமா?

கேள்வி: பணம் கொடுத்து ஒரு கணக்கு மென்பொருள் வாங்கினேன், ஒருவரே தனியாக எழுதி விற்பது. இன்ஸ்டால் செய்யும்போது மஞ்சள் பட்டையோடு எச்சரிக்கை வந்ததால் பயந்து நிறுத்திவிட்டேன். இலவசமாக எடுத்த வீடியோ மென்பொருளுக்கு நீலப் பட்டையும் கேடயமும் வந்தன. தைரியமாக 'ஆம்' கொடுத்தேன். மறுநாள் பிரவுசரின் முகப்புப் பக்கமே மாறியிருந்தது. வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிடவா?

பதில்: அவசரப்படாதீர்கள். விண்டோஸில் வரும் அந்தப் பெட்டியின் நிறம் மென்பொருள் நல்லதா கெட்டதா என்று சொல்வதில்லை. வெளியிட்டவரின் டிஜிட்டல் கையொப்பம் இருந்தால் நீலம், இல்லாவிட்டால் மஞ்சள். அவ்வளவுதான். கையொப்பச் சான்றிதழுக்குக் காசு கட்ட வேண்டும், காலாவதியானால் புதுப்பிக்கவும் வேண்டும். தனியாக எழுதி விற்கிற பலர் அதை வாங்குவதில்லை. கூடவே நாலு வேண்டாத சாமான்களைத் திணிக்கிற நிறுவனமோ முறையாக வாங்கி வைத்திருக்கும். யார் கொடுத்தது என்பதற்குத்தான் கையொப்பம் சாட்சி. உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு அல்ல. அந்தச் சாட்சியும் களவு போவதுண்டு. 2010இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற நாசநிரல், ரியல்டெக், ஜேமைக்ரான் நிறுவனங்களிடமிருந்து திருடப்பட்ட சான்றிதழ்களால் கையொப்பமிடப்பட்டிருந்தது.

எனக்கு அதைவிடப் பெரிய குறை, அந்தக் கேடயம். கேடயத்தைப் பார்த்தால் யாருக்கும் பாதுகாப்பு என்றுதான் தோன்றும். ஆனால் அந்த நேரத்தில் நடப்பது நேர்மாறானது: கம்ப்யூட்டர் முழுவதையும் மாற்றக்கூடிய நிர்வாகி உரிமையை அந்த மென்பொருள் உங்களிடம் கேட்கிறது. சில பொத்தான்களின் ஓரத்தில் குட்டியாக ஒரு கேடயம் இருக்கும், கவனித்திருப்பீர்கள். அதை அழுத்தினால் இந்த உரிமை தேவைப்படும் என்பதே அதன் பொருள். பூட்டைத் திறக்கச் சொல்லும் இடத்தில் காவல்காரர் படத்தை வைத்ததுபோல் இருக்கிறது. நீங்கள் ஏமாந்ததில் உங்கள் தவறு எதுவும் இல்லை.

சரி, இனி என்ன பார்ப்பது? நிறத்தை விட்டுவிட்டு எழுத்தைப் படியுங்கள். வெளியிட்டவர் பெயர், நீங்கள் வாங்கியவரின் பெயர்தானா? கோப்பு அவருடைய தளத்திலிருந்தே இறங்கியதா, நடுவில் வேறு டவுன்லோட் தளமா? கணக்கு மென்பொருளை விற்றவரிடம் அதன் எஸ்எச்ஏ-256 எண்ணை, அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் கைரேகை போன்ற எண்ணைக் கேளுங்கள். உங்களிடம் உள்ள கோப்புக்கு அந்த எண்ணை விண்டோஸிலேயே ஒரு வரிக் கட்டளையால் எடுக்கலாம். இரண்டும் ஒன்றாக இருந்தால், அவர் கொடுத்த கோப்பு வழியில் மாறாமல் வந்திருக்கிறது. அவர் மேல் நம்பிக்கை இருந்தால் தாராளமாக இன்ஸ்டால் செய்யுங்கள். கேட்டும் பதிலே வராவிட்டால், அப்போது பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

போனில் சிக்கல் வேறு மாதிரி. ஆண்ட்ராய்டில் 2015இல் வந்த 6ஆம் பதிப்பு முதல், பயன்படுத்தும் நேரத்தில்தான் ஒவ்வொரு அனுமதியாகக் கேட்கிறார்கள். மைக், தொடர்புகள், இருப்பிடம் எதுவானாலும் பெட்டி ஒரே மாதிரி அமைதியாக இருக்கும். சின்னத்தைப் பார்த்து எது பெரியது என்று தெரியாது. டார்ச் ஆப் தொடர்புகளைக் கேட்டால் மறுத்துவிடுங்கள். அணுகல்தன்மை (ஆக்சஸிபிலிட்டி) அனுமதியில் இன்னும் கவனம் வேண்டும். திரையில் இருப்பதைப் படிக்கவும் உங்களுக்குப் பதிலாகத் தொடவும் அதனால் முடியும்.

அப்புறம், அந்த வீடியோ மென்பொருளை நீக்கிவிட்டு, பிரவுசரின் நீட்சிகள் (எக்ஸ்டென்ஷன்) பட்டியலையும் பாருங்கள். முகப்புப் பக்கத்தை மாற்றியது பெரும்பாலும் அங்கேதான் உட்கார்ந்திருக்கும்.