நாடகப் பாடல்களை ஒரே நாளில் பதிவு செய்ய முடியுமா?

கேள்வி: எங்கள் இசை நாடகத்தில் பதினான்கு பாடல்கள். மேடையில் நடிப்பவர்களையே பாட வைத்து ஆல்பமாக வெளியிட விரும்புகிறோம். ஸ்டுடியோ ஏற்பாடு செய்து தருபவர், ‘ஒரே நாளில் முடித்துவிடலாம்’ என்கிறார். நாயகியின் கடினமான பாடல் நாடகத்தின் இறுதியில் வருகிறது. அவர் குரல் தாங்குமா?

பதில்: நாடக வரிசையிலேயே பதிவு செய்தால் தாங்காது. வரிசையை மாற்றினால் ஒரு நாள் போதும்.

நியூயார்க்கின் பிராட்வே நாடக அரங்குகளில் பாடல்களை ஒரே நாளில் பதிவு செய்வது வழக்கமானதற்குக் கலை காரணமல்ல. ஒரு பதிவு நாளுக்கு ஒரு வாரச் சம்பளம் என்பது அங்குள்ள நடிகர் சங்க விதி. அந்தச் சிக்கனத்துக்குப் பலியாவது குரல்தான். 1970-இல் ‘கம்பெனி’ என்ற பிராட்வே இசை நாடகத்தின் பதிவில் நடிகை எலெய்ன் ஸ்ட்ரிட்சின் பாடல் நள்ளிரவுக்குப் பின்னும் இழுத்தது. எத்தனை முறை பாடியும் குரல் ஒத்துழைக்கவில்லை. கடைசியில் வாத்தியங்களை மட்டும் பதிவு செய்துகொண்டார்கள். பிறகொரு நாள் அவர் வந்து, அதன்மேல் பாடிக் கொடுத்தார். இந்த அவதி முழுவதும் ஆவணப்படமாகவே இருக்கிறது.

உங்கள் நாயகி மேடையில் ஒரு பாடலை ஓர் இரவுக்கு ஒருமுறை பாடுகிறார். ஸ்டுடியோவில் அதையே ஆறேழு டேக் பாட வேண்டும், நடுநடுவே காத்திருக்கவும் வேண்டும். ஆகவே கோரஸ் பாடல்களைக் காலையில் எடுத்துவிட்டுக் கோரஸ்காரர்களை அனுப்பிவிடுங்கள். நாயகியின் பாடலைக் குரல் பதப்பட்டதும், மதிய உணவுக்கு முன் எடுங்கள். முந்தைய இரவு நாடகம் வேண்டாம்.

வாத்தியங்களை முதலில் பதிவு செய்து, அதை ஹெட்போனில் கேட்டபடி ஒவ்வொருவராகப் பாடுவதே பாதுகாப்பான வழி. ஒரு விதிவிலக்கு உண்டு: இருவர் வாக்குவாதம் செய்வதுபோல் மாறிமாறிப் பாடும் பாடல். அதைத் தனித்தனியாக எடுத்தால் சண்டையே இராது, இரண்டு பேர் ஒப்பித்ததுபோல் இருக்கும். ஒருவர் மூச்சு இழுப்பதைப் பார்த்துத்தான் மற்றவர் இடைமறிக்கிறார். அதனால் சேர்ந்துதான் பாட வேண்டும். ஆனால் ஒருவர் குரல் மற்றவர் மைக்கில் கசிந்தால், பிறகு ஒருவரின் சுருதிப் பிசகை மட்டும் தனியே திருத்த முடியாது. கண்ணாடித் தடுப்புள்ள இரண்டு அறைகள் இருந்தால் கவலையில்லை. ஒரே அறைதான் என்றால் எதிரெதிரே நிறுத்தி, ஒவ்வொரு மைக்கின் முதுகும் மற்றவரைப் பார்க்கும்படி வையுங்கள். பெரும்பாலான பாட்டு மைக்குகள் பின்பக்கத்து ஒலியை அவ்வளவாக வாங்குவதில்லை. இப்படிப்பட்ட பாடலுக்குத் தாளத் துடிப்பை ஹெட்போனில் ஓட விடவும் வேண்டாம். இசை நடத்துநரின் கை தெரிந்தால் போதும்.

குரலைவிட எனக்குக் கவலை அந்த ஏற்பாட்டாளர்தான். ‘பதிவு, மிக்ஸிங், வெளியீடு எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்பவர்கள் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் மாஸ்டர் உரிமையை, அதாவது மூல ஒலிப்பதிவின் உரிமையை, தங்கள் பெயரில் எழுதிக்கொள்வார்கள். உங்கள் கைக்கு வருவது சுருக்கப்பட்ட எம்பி3 கோப்புகள். நாளை ஒரே ஒரு வரியைத் திருத்த வேண்டுமென்றாலும் அவரிடம்தான் போய் நிற்க வேண்டும். ஒவ்வொரு குரலும் வாத்தியமும் தனித்தனி டிராக்காக, சுருக்கப்படாத 24 பிட் வேவ் (WAV) கோப்புகளாக, எல்லாம் ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து வேண்டும் என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே எழுதி வாங்குங்கள். மேடையேற்ற அனுமதி இருந்தால் பதிவுக்கும் இருக்கிறது என்பார், நம்ப வேண்டாம். அவை வேறு வேறு உரிமைகள். இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடும் நடிகர்கள் எல்லாரிடமும் எழுத்துபூர்வமான சம்மதம் தேவை.

ஆல்பத்தை இணைய இசைத் தளங்களில் வெளியிட நிரப்பும் படிவம் இன்னொரு தலைவலி. சில படிவங்களில் இருபது பேர் சேர்ந்து பாடிய பாடலுக்கும் ‘கலைஞர் பெயர்’ என்று ஒரே ஒரு கட்டம்! பாத்திரத்தின் பெயருக்கு இடமே இல்லை. தனிப் பாடகர்களை மட்டுமே கண்டவர்கள் வடிவமைத்தது போன்ற படிவம் அது. நாடகக் குழுவின் பெயரை அதில் போட்டுவிட்டு, யார் எந்தப் பாத்திரம் என்பதை ஆல்பத்தோடு வரும் குறிப்பேட்டில் அச்சிடுங்கள். அந்தக் கட்டத்தை நிரப்பும் வேலையை ஏற்பாட்டாளரிடம் விட்டால் தன் நிறுவனத்தின் பெயரை எழுதிவிடுவார்.

எழுதித் தர அவர் தயங்கினால் ஸ்டுடியோவை நீங்களே நேரடியாக அழைத்துப் பேசுங்கள். அதே அறையும் அதே ஒலிப்பதிவாளரும்தான் கிடைப்பார்கள்.