34ஆம் நம்பருக்கு எத்தனை மணிக்குப் போவது? வைத்தியரிடம் நம்பர் எடுப்பது பற்றிய கேள்வி பதில்

கல்முனைப் பக்கத்தில் ஒரு தனியார் டிஸ்பென்சரியில் 17 வருடங்கள் நம்பர் எழுதும் மேசையில் இருந்தவள் நான். நான் வைத்தியரோ தாதியோ அல்ல. எந்த வருத்தத்துக்கு எந்த மருந்து என்று என்னிடம் கேட்காதீர்கள். வைத்தியரின் அறைக்கதவு வரைக்கும் எப்படி வந்து சேர்வது என்பது மாத்திரமே எனக்குத் தெரிந்த தொழில்.

ஏறாவூரிலிருந்து ஒரு சகோதரர்: என்னுடைய நம்பர் 34. டொக்டர் மாலை 4.30க்கு வருவார் என்றார்கள். 4.30க்கே போய் இரவு 7.30 வரை காத்திருந்தேன். அடுத்த முறை எத்தனை மணிக்குப் போகலாம்?

நம்பர் என்பது வரிசையைத்தான் காட்டுகிறது, நேரத்தை அல்ல. இதைப் புரியாமல் 4.30க்கே எல்லோரும் வந்து குவிவதால்தான் டிஸ்பென்சரியின் விறாந்தையில் கால் வைக்க இடமிருப்பதில்லை. நம்பர் எடுக்கும்போதே இரண்டு கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். டொக்டர் வழக்கமாக உண்மையில் எத்தனை மணிக்கு வந்து அமர்வார்? ஒரு மணித்தியாலத்தில் ஏறத்தாழ எத்தனை பேரைப் பார்ப்பார்? நம்பர் எழுதுபவருக்கு இந்த இரண்டும் மனப்பாடமாக இருக்கும், யாரும் கேட்பதில்லை என்பதால் சொல்வதில்லை.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஒருவருக்கு 5 நிமிடம் என்றால் உங்களுக்கு முன்னிருக்கும் 33 பேருக்கு 165 நிமிடங்கள், அதாவது இரண்டே முக்கால் மணித்தியாலம் ஆகும், 4.30க்குத் தொடங்கினால் உங்கள் முறை 7.15க்கு வரும். ஆனால் நம்பர் எடுத்தவர்கள் எல்லோரும் வந்துவிடுவதில்லை. ஐந்து பேர் வராவிட்டால் 6.50க்கே உங்களைக் கூப்பிட்டுவிடுவார்கள். ஆகவே 6.15க்கும் 6.30க்கும் இடையில் அங்கு இருப்பது போதும். புறப்படுவதற்கு முன் ஒரு தடவை தொலைபேசியில் அழைத்து, "இப்போது எத்தனையாம் நம்பர் உள்ளே?" என்று மட்டும் கேளுங்கள். "டொக்டர் வந்துவிட்டாரா?" என்று கேட்டால் "ஓம்" என்ற ஒரு சொல்தான் பதிலாகக் கிடைக்கும், அதில் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை.

டொக்டர் பிந்துவதற்கும் காரணம் உண்டு. நமது பகுதியில் மாலையில் தனியாகப் பார்ப்பவர்களில் பெரும்பாலானோர் பகலில் அரச வைத்தியசாலையில் கடமை செய்பவர்கள். கடமை நேரத்துக்குப் பின்னர் அவர்கள் தனியாக நோயாளரைப் பார்க்கும் அனுமதி 1977ஆம் ஆண்டு மீண்டும் வழங்கப்பட்டது. வார்ட்டில் ஒரு அவசர நோயாளி வந்துவிட்டால் 4.30 என்பது 5.30 ஆகும், அதற்கு நம்பர் எழுதும் பிள்ளையை ஏசிப் பயனில்லை.

வெல்லாவெளியிலிருந்து ஒருவர்: காலையில் நம்பர் எடுக்க ஒரு முறை, மாலையில் டொக்டரைக் காண ஒரு முறை என்று ஒரே நாளில் இரண்டு தரம் வாவி கடந்து வரவேண்டியிருக்கிறது. பாதை, அதாவது வாவியைக் கடக்கும் மிதவை, நிற்பதற்குள் திரும்பவும் வேண்டும். என்ன செய்வது?

வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வாழும் மக்களின் இந்தச் சிரமத்தை, கிழக்கே எழுவான்கரையில் மேசை போட்டு அமர்ந்திருப்பவர்கள் பலரும் எண்ணிப்பார்ப்பதில்லை. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்ட பிறகு கொக்கட்டிச்சோலைப் பக்கத்தவர்களுக்குப் பயணம் இலகுவானது, ஆனால் மண்டூர், வெல்லாவெளிப் பக்கத்தவர்கள் குருமண்வெளிக்கு வர இன்னும் பாதையைத்தானே நம்பியிருக்கிறீர்கள். தொலைபேசியில் நம்பர் கொடுக்கும் இடங்கள் இப்போது பல உண்டு, ஆனால் குறித்த ஒரு மணித்தியாலத்தில் மட்டுமே அந்த அழைப்பை எடுப்பார்கள். அது எந்த மணித்தியாலம் என்பதை முதல் முறை போகும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பதில் இல்லையென்றால் தொடர்ந்து அழைக்காமல் பத்து நிமிடம் விட்டு அழையுங்கள். அடுத்தடுத்து வரும் அழைப்புகளில் யாரை முதலில் எடுப்பது என்று தெரியாமல், முன்னால் நிற்பவருக்கு எழுதிக்கொண்டிருந்துவிடுவோம்; நானும் அப்படிச் செய்திருக்கிறேன்.

அதைவிட முக்கியமானது, நம்பர் எடுக்கும்போதே "நான் பாதையில் போகவேண்டும், 6 மணிக்குள் அனுப்ப முடியுமா?" என்று சொல்லிவிடுவது. முன்கூட்டிச் சொன்னால் முதல் பத்துக்குள் ஒரு இடம் தேடித் தர முடியும். எல்லோரும் வந்தமர்ந்த பின்னர் சொன்னால், உங்களுக்கு இரங்கி நாங்கள் செய்யும் உதவி மற்றவர்களுடன் சண்டையில்தான் முடியும்.

காரைதீவிலிருந்து ஒரு தங்கை: கைபேசியில் சனல் பண்ணுவது, அதாவது டொக்டருக்கு முன்பதிவு செய்வது நல்லதா, நேரில் எடுப்பது நல்லதா?

விசேட வைத்திய நிபுணரைப் பெரிய தனியார் வைத்தியசாலையில் காண்பதென்றால், அதிலும் கொழும்புக்குப் போவதென்றால், ஈ-சனலிங், டொக் 990 போன்ற சேவைகளில் பதிவு செய்துவிட்டுப் புறப்படுவதே புத்தி. இரவு பஸ்ஸில் ஏறிப்போய், டொக்டர் அன்று வரவில்லை என்ற செய்தியைக் கேட்பதைவிட வேறு தண்டனை இல்லை. வைத்தியரின் கட்டணம், வைத்தியசாலைக் கட்டணம் ஆகியவற்றோடு பதிவுச் சேவைக்கென ஒரு தொகையும் சேரும். டொக்டர் வராவிட்டால் பணம் எப்படித் திரும்பும் என்பதைக் கட்டுவதற்கு முன் வாசியுங்கள். பதிவு இலக்கம் வந்த குறுஞ்செய்தியை அழிக்காதீர்கள். ஊர் டிஸ்பென்சரிகள் பெரும்பாலும் இந்தச் சேவைகளில் இல்லை, அங்கே இன்றும் கொப்பியும் பேனையும்தான்.

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு மகள்: உம்மாவுக்குச் சீனியும் பிரஷரும் உண்டு. அரச வைத்தியசாலைக் கிளினிக் திகதியைத் தவறவிட்டுவிட்டோம், மாத்திரை இன்னும் மூன்று நாளைக்குத்தான் இருக்கிறது. அடுத்த திகதிக்கு எங்கே போய்க் கேட்பது?

திகதி கேட்டு அலைய வேண்டாம். அந்தக் கிளினிக் வாரத்தில் எந்த நாளில் நடக்கிறதோ, அடுத்து வரும் அதே நாளில் கிளினிக் கொப்பியோடு காலையிலேயே போய், தவறவிட்டதைப் பதிவு செய்யுமிடத்தில் சொல்லுங்கள். கொஞ்சம் ஏச்சு விழலாம், ஆனால் திருப்பி அனுப்புவது அரிது. அதற்குள் மாத்திரை முடிந்துவிடும் என்றால், வெளிநோயாளர் பிரிவிலோ வீட்டுக்கு அருகிலுள்ள பிரதேச வைத்தியசாலையிலோ கொப்பியைக் காட்டி இடைக்கால மருந்து கேளுங்கள். "கிளினிக் வரும்தானே, மறுகா பார்ப்போம்" என்று பிரஷர் மாத்திரையை நிறுத்திவைப்பதுதான் ஆபத்து.

காலையில் வெறும் வயிற்றுடன் குருதி எடுக்கச் சொல்லியிருந்தால், குறைந்தது 8 மணித்தியாலம் சாப்பிடாமல் இருக்கவேண்டும்; வெறும் தண்ணீர் குடிக்கலாம், பிளேன்டீ குடிக்கக்கூடாது. அன்று காலையில் சீனி மாத்திரையையோ இன்சுலினையோ எப்போது எடுப்பது என்பதை முந்திய கிளினிக்கிலேயே கேட்டுவையுங்கள்.

கல்முனைக்கு வருபவர்களுக்கு ஒரு சொல்: அங்கே அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை, வடக்கு ஆதார வைத்தியசாலை என்று இரண்டு உண்டு. ஒன்றின் கொப்பியோடு மற்றதன் வரிசையில் ஒரு மணித்தியாலம் நின்ற முதியவர்களை நான் கண்டிருக்கிறேன். ஆட்டோக்காரரிடம் "ஆஸ்பத்திரி" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

வாழைச்சேனையிலிருந்து ஒரு தாய்: பிள்ளைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். சிறுபிள்ளை டொக்டரிடம் நாளை மாலைக்குத்தான் நம்பர் கிடைத்தது. இன்று காய்ச்சல் கொஞ்சம் குறைந்திருக்கிறது. நாளை வரை பார்க்கலாமா?

வேண்டாம், நம்பரை விட்டுவிட்டு இப்போதே அரச வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். டெங்குவில் காய்ச்சல் விடும் நேரமே ஆபத்துத் தொடங்கும் நேரமாக இருக்கலாம் என்பதை, மாரி மழையோடு டெங்கு வரும் நமது மாவட்டங்களில் ஒவ்வொரு தாயும் அறிந்திருக்கவேண்டும். வயிற்றுவலி, தொடர்ந்த வாந்தி, இரத்தக் கசிவு, சோர்ந்து படுத்தல், சலம் போகாமை ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். அஸ்பிரின், இபுபுரோபன் கொடுக்கவே கூடாது. அவசரத்துக்கு முன்பதிவு என்ற ஒன்று இல்லை.

காத்தான்குடியிலிருந்து: பெண் டொக்டரிடம்தான் காட்டவேண்டும் என்று கேட்பது பிழையா?

பிழையே இல்லை, நம்பர் எடுக்கும்போதே கேளுங்கள். பெண்களுக்கான சில பரிசோதனைகளைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் சுகவனிதையர் கிளினிக்கில் இலவசமாகச் செய்கிறார்கள். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் நாளைக் கேட்டறியலாம்.

பெயர் சொல்ல விரும்பாத ஒருவர்: நான் 8ஆம் நம்பரோடு இருக்கும்போது பின்னால் வந்தவர்கள் நேரே உள்ளே போகிறார்கள். இது எப்படி நடக்கிறது?

நான் வேலை செய்த இடத்தில் முதல் ஐந்து கோடுகளை வெறுமையாக விட்டு, ஆறிலிருந்துதான் எழுதத் தொடங்குவோம். கைக்குழந்தைகளுக்கும் நிற்க முடியாத முதியவர்களுக்கும் என்று தொடங்கிய ஏற்பாடு அது. நாளடைவில் அந்த ஐந்தும் முதலாளிக்குத் தெரிந்தவர்களுக்கென்று ஆகிப்போனது, நானும் வாய்மூடி எழுதிக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஒரு மூதாட்டி என் கொப்பியை எட்டிப் பார்த்து, "மகள், 1 எங்கே?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. உள்ளே போகிறவர்கள் எல்லோரும் அப்படிப்பட்டவர்கள் அல்லர் என்பதையும் சொல்லவேண்டும். ரிப்போர்ட் மட்டும் காட்ட வருபவர்களை இரண்டு நம்பர்களுக்கு இடையில் விடுவது வழக்கம். உங்களுக்கும் அந்த வசதி உண்டு. பரிசோதனை எழுதித்தரும் அன்றே, "ரிப்போர்ட் காட்டப் புதிய நம்பர் வேண்டுமா, காசு வேண்டுமா?" என்று கேட்டுவிட்டு எழும்புங்கள்.

நிந்தவூரிலிருந்து: என் பெயரைக் கூப்பிட்டபோது வேறொருவர் எழும்பிப் போய்விட்டார். இதைத் தவிர்ப்பது எப்படி?

ஒரே மாலையில் ஒரே பெயரில் மூன்று பேர் இருப்பது நமது ஊர்களில் சாதாரணம். பெயரோடு வயதையும் குறிச்சியையும் சொல்லி எழுதச் செய்யுங்கள். எழுதிய துண்டைக் கையில் வாங்கி, நம்பர் சரியா என்று மேசையை விட்டு நகரும் முன் பாருங்கள். என்னுடைய எழுத்தில் 1உம் 7உம் ஒன்றுபோலத்தான் இருக்கும்.