ஒரே ஒரு அடிக்கு அரங்கில் காத்திருப்பவர்: ஆர்க்கெஸ்ட்ரா தாளவாத்தியம் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: செக் இசையமைப்பாளர் டிவோர்ஷாக்கின் 9ஆம் சிம்பொனியில் சிம்பல் (ஒன்றோடொன்று மோதும் உலோகத் தட்டுகள்) ஒரே ஒரு முறைதான் ஒலிக்கிறதாமே? அதற்காக ஒருவர் அத்தனை நேரம் மேடையில் இருக்க வேண்டுமா?

இருக்கத்தான் வேண்டும். அந்த அடி நான்காம் பகுதியில், மிதமான ஒலியில் வருகிறது. ஓங்கி அடிப்பதைவிட இது கடினம். ஜோடித் தட்டுகளின் விளிம்புகள் சரியாக ஒன்றன்மேல் ஒன்று பொருந்தினால் நடுவில் காற்று சிக்கிக்கொண்டு ‘தப்’ என்ற செத்த சத்தம்தான் வரும். ஆகவே ஒரு தட்டை அரை அங்குலம் விலக்கிப் பிடித்து, கீழ் விளிம்பு முதலில் தொட, மேல் விளிம்பு இமைக்கும் நேரத்தில் பின்தொடர வேண்டும். இரண்டும் தனித்தனி அடியாகக் கேட்டால் கோணம் அதிகம் என்று அர்த்தம். அடிப்பதற்குச் சற்று முன் தட்டுகளை விரலால் ஓசையின்றித் தட்டி அதிரவிட்டால் ஒலி உடனே திறக்கும்.

இன்னொரு பாதி வேலை எண்ணுவது. பார்களை (இசையின் தாளச் சுற்றுகளை) மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் ஒருமுறை கவனம் சிதறியதும் எல்லாம் போயிற்று. எந்த வாத்தியம் எங்கே நுழைகிறது என்பதை இசைக்குறிப்புத் தாளில் பென்சிலால் குறித்து வைத்தால், தவறிய எண்ணிக்கையை அங்கே பிடித்துவிடலாம். குழுவை நடத்தும் கண்டக்டரின் சைகையை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் குழுவின் 26 அங்குல டிம்பனியில் (பெடலால் சுருதி மாற்றும் கிண்ண வடிவ முரசு) சுருதி நிற்பதே இல்லை, அடித்த பிறகு ஒலி அலைகிறது. தோலை மாற்ற வேண்டுமா?

அவசரப்பட வேண்டாம். பெரும்பாலும் தோல் எல்லாப் பக்கமும் ஒரே இறுக்கத்தில் இல்லாததுதான் காரணம். பெடலைக் கீழ்ச்சுருதி நிலைக்குக் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு திருகுக்கும் எதிரே, விளிம்பிலிருந்து 2 அங்குலம் உள்ளே, விரல் நுனியால் மெல்லத் தட்டி, அந்தச் சுருதியை வாய்க்குள் முனகிப் பாருங்கள். தாழ்ந்து கேட்கும் இடத்தில் திருகை முறுக்கும் சாவியைக் கால் சுற்றுக்கு மேல் திருப்பக் கூடாது. அடுத்து நேர் எதிர்த் திருகைப் பாருங்கள். வட்டமாக வரிசையில் போனால் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். எல்லாத் திருகிலும் ஒரே சுருதி வந்ததும் பெடலை நடு நிலைக்கு ஏற்றி மறுபடி சோதியுங்கள். கீழே ஒத்துப்போய் மேலே பிசகினால் கிண்ணத்தின் விளிம்பைப் பாருங்கள்: தூசி, பசைத் துணுக்கு, அல்லது நசுங்கல் இருக்கும். நசுங்கியிருந்தால் பழுதுபார்ப்பவரிடம்தான் போக வேண்டும்.

அடிக்கும் இடமும் முக்கியம். விளிம்பிலிருந்து 3 முதல் 4 அங்குலத்தில் அடியுங்கள். சுருதியாகக் கேட்கும் அதிர்வுகளுக்கு நடுப்புள்ளியில் அசைவே கிடையாது. அங்கே அடித்தால் உடனே அடங்கும் மொத்தை ஒலிதான் மிஞ்சும்.

கன்றுத்தோல் என்றால் ஈரக் காற்றில் தளர்ந்து சுருதி இறங்கும், வறண்ட காற்றில் ஏறும். பிளாஸ்டிக் தோலுக்கு ஈரத் தொல்லை இல்லை. ஆனால் மேடை விளக்கின் சூடு அதையும் பாதிக்கும். பெடல் அருகேயுள்ள சுருதி காட்டும் முள் உதவிக்குத்தான், முடிவைக் காதிடம் விடுங்கள். வேண்டிய சுருதிக்குக் கீழிருந்து மேலே ஏறி வந்து நில்லுங்கள். மேலிருந்து இறக்கினால் வாசிக்கும்போது இன்னும் தளர்ந்துவிடும்.

கேள்வி: ஆர்க்கெஸ்ட்ராவில் சேர்வதற்கான தேர்வு வாசிப்புக்கு எதைத் தயார் செய்வது?

பல ஆர்க்கெஸ்ட்ராக்களில் முதல் சுற்றில் வாசிப்பவர் யாரென்று தெரியாதபடி திரைக்குப் பின்னால்தான் வாசிக்க வேண்டும். கெர்ஷ்வினின் ‘போர்கி அண்ட் பெஸ்’ ஓபராவின் தொடக்கத்துச் சைலோஃபோன் (மரக்கட்டைகளைத் தட்டி வாசிப்பது), ரிம்ஸ்கி-கோர்சகோவின் ‘ஷெஹரசாதே’யில் ஸ்நேர் டிரம் (அடித்தோலில் கம்பிகள் பூட்டிய சிறு டிரம்), டியூகாவின் ‘மந்திரவாதியின் சீடன்’ க்ளாக்கன்ஷ்பீல் (உலோகத் தகடுகளைத் தட்டி வாசிப்பது) ஆகியவை அடிக்கடி கேட்கப்படுபவை. ராவெலின் ‘பொலேரோ’ ஸ்நேர் டிரம் வாசிப்பில் பலரும் வேகத்தைக் கோட்டைவிடுகிறார்கள். இரண்டு பார் தாளக்கோலம் 169 முறை வருகிறது. ஒலி கூடக் கூட வேகமும் கூடிவிடும். ஸ்நேர் கம்பிகள் ஓடும் நேர்க்கோட்டில், விளிம்பருகே குச்சியை ஓர் அங்குல உயரத்தில் வைத்துத் தொடங்கி, ஒலி கூடும்போது கொஞ்சம் கொஞ்சமாக நடுவை நோக்கி நகருங்கள். மெட்ரோனோமை (தாளம் தட்டிக் காட்டும் கருவி) இரண்டு பாருக்கு ஒரு தட்டு என்று வைத்துப் பழகினால் வேகம் எங்கே கூடத் தொடங்குகிறது என்று தெரியும்.

கேள்வி: வாசிப்பை மட்டும் நம்பிப் பிழைக்க முடியுமா?

நிரந்தர இடம் கிடைத்தால் முடியும். ஆனால் ஒரு பெரிய குழுவில் டிம்பனிக்கு ஒருவர், மற்றவற்றுக்கு மூன்று நான்கு பேர் என்ற அளவில்தான் இடங்கள். வந்தவர்கள் எளிதில் போவதும் இல்லை: சால் குட்மன் நியூயார்க் பில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ராவில் 1926 முதல் 1972 வரை டிம்பனி வாசித்தார். அவரே ஜூலியார்ட் இசைப் பள்ளியில் பல தலைமுறைக் கலைஞர்களை உருவாக்கினார். கற்பிப்பதை இரண்டாந்தரமாக நினைக்காதீர்கள். மாணவரின் பிசகைக் காது பிடித்தால் மட்டும் போதாது, அது மணிக்கட்டிலா விரலிலா என்று சொல்லத் தெரிய வேண்டும். அந்தப் பழக்கம் உங்கள் கையையும் திருத்தும்.

கேள்வி: ஸ்நேர் ரோல் (இரு குச்சிகளையும் துள்ளவிட்டு மாற்றி மாற்றி அடித்து எழுப்பும் தொடர் ஒலி) திட்டுத்திட்டாக வருகிறது.

பெரும்பாலும் வலுக்குறைந்த கையின் குறை. ஒவ்வொரு கையாலும் தனியாக, ஓர் அழுத்தத்தில் குச்சி எத்தனை முறை துள்ளுகிறது என்று கேளுங்கள். இரண்டு கையும் ஒரே நீளத்துக்குத் துள்ளும் வரை ரோலை வேகப்படுத்தாதீர்கள். பயிற்சிக்கான ரப்பர் பேடில் துள்ளல் அதிகம், அது குறையை மறைத்துவிடும். வாரத்தில் சில நாளாவது டிரம்மிலேயே பழகுங்கள். ஃபோனை அறையின் மறுகோடியில் வைத்துப் பதிவு செய்து கேட்டால் இடைவெளிகள் தெளிவாகத் தெரியும்.