அரசு உயர்நிலைப் பள்ளியின் தேர்ச்சி இலக்கை முடிவு செய்வதில் பெற்றோருக்கும் மாணவர்களுக்கும் இடம் தர வேண்டுமா?

கட்டாயம் தர வேண்டும். நீங்கள் கேட்கும் விதத்தைப் பார்த்தால் பள்ளிக் குழுவில் புதிதாகச் சேர்ந்து, முதல் கூட்டத்திலேயே மனம் நொந்து வந்தவர் போலத் தெரிகிறது. என் மகள் படித்த பள்ளியின் குழுவில் நான் மூன்று வருடம் பெற்றோர் உறுப்பினராக இருந்தேன், அதனால் சொல்கிறேன்.

என் முதல் கூட்டத்திலும் இலக்கு அச்சாகியே வந்தது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி 92 சதவீதம், அடுத்த ஆண்டு 97. எங்கள் பெயருக்கு நேரே பென்சிலால் பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தார்கள், கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. பேனா என் கைக்கு வந்த நேரத்தில், இரவு வேலை முடித்து நேராக அங்கே வந்திருந்த ஒரு அப்பா கேட்டார்: “சார், என் பையன் இந்த 97-ல இருக்கானா, மிச்சம் மூணுல இருக்கானா?”

யாரும் பேசவில்லை. தலைமையாசிரியர் பதிவேட்டை எடுத்து வரச் சொன்னார். அதற்காக அவரை இன்றும் மதிக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் 60 பேர், பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியவர்கள் 49, தேறியவர்கள் 45. 49-க்கு 45 என்றால் 92 சதவீதம். 60-க்கு 45 என்றால் வெறும் 75. நடுவில் காணாமல் போன 11 பிள்ளைகளில் சிலர் வேலைக்குப் போய்விட்டார்கள், சிலரைத் தனித்தேர்வராக எழுதிக்கொள்ளச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

அன்று இலக்கை மாற்றினோம்: ஒன்பதில் சேர்ந்த அத்தனை பேரும் தேர்வு அறை வரை வர வேண்டும், சதவீதம் அதற்கு அப்புறம். கணக்கில் ஏன் இத்தனை பேர் சறுக்குகிறார்கள் என்று கேட்டபோது மாணவர் தலைவிதான் சொன்னாள், கணக்கு கடைசிப் பீரியட், பஸ்ஸுக்காகப் பாதிப் பேர் முன்னாலேயே கிளம்பிவிடுகிறார்கள் என்று. கணக்கு காலைக்கு வந்தது. இதை எந்த அதிகாரியாலும் மேஜையில் உட்கார்ந்தபடி கண்டுபிடித்திருக்க முடியாது.

பாடம் எப்படி நடத்துவது என்று பெற்றோர் சொல்லித்தர வேண்டும் என்று நான் சொல்லவில்லை, அது ஆசிரியர் வேலை. என் அக்காவே ஆசிரியைதான். ஆனால் மேலிருந்து எண்ணை மட்டும் இறக்கினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே 2002-இல் வந்த சட்டம், 2014-க்குள் எல்லா மாணவர்களும் வாசிப்பிலும் கணக்கிலும் தேற வேண்டும் என்றது. நடக்கவில்லை. சில மாநிலங்கள் தேர்ச்சிக்கான வரம்பையே குறைத்துக்கொண்டன. 2015-இல் வந்த மாற்றுச் சட்டம், திட்டம் போடும்போது பெற்றோரையும் ஆசிரியர்களையும் கலந்து பேச வேண்டும் என்கிறது.

எங்கள் பள்ளியில் அடுத்த ஆண்டு இடையில் நின்றவர்கள் நாலு பேர்தான். ஆனால் முன்பு வெளியே அனுப்பப்பட்டிருக்கக்கூடிய பிள்ளைகளும் தேர்வு எழுதியதால் சதவீதம் 92-லிருந்து இறங்கியது, அதற்கு விளக்கம் கேட்டுத் தலைமையாசிரியருக்குக் கடிதம் வந்தது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கூட்டங்கள் எல்லாமே வேலை நாளில், காலை 11 மணிக்கு. கேள்வி கேட்ட அந்த அப்பா அதற்குப் பிறகு ஒரு கூட்டத்துக்கும் வரவில்லை, அவர் தூங்கும் நேரம் அது. மாலைக்கு மாற்றச் சொல்லி மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். கடைசி வரை மாற்றவில்லை.